இழுமெனலும் சருச்சரையும்: சுழல் துப்பாக்கியின் மரப்பிடி கூறும் வரலாறு

‘பிடி’ என்பது தமிழில் வினையாகவும் பெயராகவும் வழங்கும் சொல். கையால் பற்றுதல் அதன் வினைப்பொருள்; பற்றப்படும் உறுப்பு அதன் பெயர்ப்பொருள். கத்திப் பிடி, குடைப் பிடி, வாட்பிடி என எதனை எடுத்துக்கொண்டாலும், கை செய்யும் செயலையே கருவியின் உறுப்புக்குப் பெயராக இட்டுள்ளது நம் மொழி. இப்பெயரீட்டின் பொருத்தத்தை விளக்க ஒரு சிறு வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்வோம். அது, ரிவால்வர் எனப்படும் சுழல் துப்பாக்கியின் மரப்பிடி வழவழப்பாக இருக்கவேண்டுமா, சொரசொரப்பாக இருக்கவேண்டுமா என்னும் தெரிவின் வரலாறு. வினா சிறியது. ஆயினும் போர்வீரனின் உயிரும் கைவினைஞனின் உழைப்பும் தொழிற்சாலையின் கணக்கும் இதில் அடங்கியுள்ளன.

இவ்விரு தன்மைகளுக்கும் நம் இலக்கண மரபில் முன்னரே பெயர் உண்டு. உயிரற்ற பொருள்களின் பண்புகளைத் தொகுக்கும் நன்னூல், ஊறு எட்டு என வகுக்கிறது. வெம்மை, தண்மை, மென்மை, வன்மை, நொய்மை, திண்மை, இழுமெனல், சருச்சரை என அவற்றை உரையாசிரியர்கள் விரித்துரைப்பர். இழுமெனல் என்பது இன்றைய வழவழப்பு. சருச்சரை என்பது சொரசொரப்பு. இரண்டும் கண்ணால் அன்றித் தொடுதலால் அறியப்படுவன. துப்பாக்கிப் பிடியின் வரலாற்றையும் இவ்வாறு கையின் பக்கம் நின்றே நோக்குதல் வேண்டும்.

1851ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற உலகப் பெருங்கண்காட்சியில் இருவகைச் சுழல் துப்பாக்கிகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஒன்று அமெரிக்கரான சாமுவேல் கோல்ட் உருவாக்கியது. மற்றொன்று ஆங்கிலேயரான இராபர்ட் ஆடம்சு உருவாக்கியது. இரண்டிலும் தோட்டாக்களைத் தாங்கிய உருளை ஒவ்வொரு வெடிக்கும் சுழன்றது. இரண்டின் பிடியும் வால்நட் மரத்தால் ஆனவை. ஆயின் கோல்ட்டின் பிடி மெருகேற்றப்பட்டு வழவழப்பாக இருந்தது. ஆடம்சின் பிடியிலோ நெருக்கமான குறுக்குக் கோடுகள் செதுக்கப்பட்டு, மேற்பரப்பு எங்கும் நுண்ணிய கூம்புகள் எழுந்து நின்றன. இவ்வேலைப்பாட்டினை ‘வரிவெட்டு’ என்று இக்கட்டுரையில் குறிப்போம்.

இவ்வேறுபாட்டின் முதற்காரணம் இரண்டின் இயங்குமுறையில் உள்ளது. கோல்ட்டின் துப்பாக்கியில் ஒவ்வொரு முறை சுடும் முன்னும் பின்புறமுள்ள சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்து நிறுத்தவேண்டும். அதற்குக் கை தன் பற்றைச் சற்றே தளர்த்தி, மேலேறி, மீண்டும் கீழிறங்கவேண்டும். வெடித்தவுடன் துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும்போது, வளைந்த பிடி உள்ளங்கையில் சற்றே உருளும். உருள்வதால் சுத்தியல் கட்டைவிரலுக்கு அண்மையில் வந்து சேரும். இவ்வசைவுக்கு வழவழப்பான மரம் இடங்கொடுக்கிறது. ஆடம்சின் துப்பாக்கியிலோ சுத்தியலைக் கையால் இழுக்கும் வேலையே இல்லை. சுட்டுவிரலால் விசையை நீளமாகவும் வலுவாகவும் இழுத்தால், அதுவே உருளையைச் சுழற்றிச் சுத்தியலையும் எழுப்பி விழச்செய்யும். இங்குக் கை நகரவேண்டுவதில்லை, நகரவும் கூடாது. ஆகவே கையை ஓரிடத்தில் நிறுத்தும் வரிவெட்டு அதற்கு ஏற்புடையதாயிற்று.

இரண்டாவது காரணம் உழைப்பு. வரிவெட்டு எளிய வேலையன்று. முதலில் வழிகாட்டும் கோடுகள் இரண்டு வரையப்படும். பின்னர் பல்வரிசை கொண்ட சிறு கருவியால் அவற்றுக்கு இணையாக ஒவ்வொரு கோடாக வெட்டிச் செல்வர். ஓர் அங்குலத்திற்கு 18 முதல் 24 கோடுகள் வரை அமைவது வழக்கம். ஒரு கோடு பிசகினால் அடுத்து வரும் அனைத்தும் பிசகும். மரம் மென்மையானதாயின் கூம்புகள் உதிர்ந்துவிடும். வால்நட் போன்ற செறிவான மரமே இதற்குத் தாங்கும். ஆங்கிலத் துப்பாக்கிக் கொல்லரிடம் இக்கைத்திறன் வேட்டைத் துப்பாக்கிகளின் வழியாக முன்பே வேரூன்றியிருந்தது. கோல்ட்டோ இயந்திரங்களால் பெருமளவில் உற்பத்தி செய்வதையே தம் வலிமையாகக் கொண்டவர். மெருகேற்றிய மரம் அம்முறைக்கு இணங்கியது.

இயங்குமுறை ஒன்றே அனைத்தையும் முடிவு செய்தது எனக் கொள்ளுதல் தவறாகும். 1856இல் பியூமான்ட் என்னும் படையதிகாரியின் திருத்தத்தால், ஆடம்சின் துப்பாக்கியிலும் கட்டைவிரலால் சுத்தியலை இழுக்க வழி ஏற்பட்டது. எனினும் வரிவெட்டு நீங்கவில்லை, மரபு தொடர்ந்தது. அமெரிக்கப் படை 1873இல் ஏற்ற கோல்ட் துப்பாக்கி எண்ணெய் பூசிய வழவழப்பான வால்நட் பிடியுடன் வந்தது. படைத்துறை ஆய்வாளர்கள் தம் முத்திரையை அப்பிடியின் மீதே அழுத்திப் பதித்தனர். வெறுமையான மரப்பரப்பு அரசின் ஏடாகவும் பயன்பட்டது எனலாம்.

1880களில் மூன்றாவது பொருள் ஒன்று இப்போட்டியில் நுழைந்தது. கந்தகம் கலந்து இறுக்கப்பட்ட கெட்டி இரப்பரை அச்சில் வார்த்தால், வரிவெட்டின் சருச்சரை கைவேலை இன்றியே கிடைத்தது. கோல்ட் நிறுவனமும் பொதுமக்களுக்கு விற்ற துப்பாக்கிகளில் இதனைப் பயன்படுத்தியது. பழம்பொருள் சேகரிப்போர் இவ்விரப்பர்ப் பிடிகளை ‘கட்டாபெர்ச்சா’ எனத் தவறாக அழைப்பதுண்டு. அச்சொல் நம் மண்ணிலிருந்து சென்றது. பிசினைக் குறிக்கும் ‘கெத்தா’ என்னும் மலாய்ச் சொல்லே அதன் முற்பகுதி. 1843இல் மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி சிங்கப்பூரிலிருந்து அப்பிசினின் மாதிரிகளை இலண்டனுக்கு அனுப்பிய பின்னரே ஐரோப்பியத் தொழில்துறை அதனைப் பரவலாக அறிந்தது. பொருள் வேறாயினும் பெயர் ஒட்டிக்கொண்டது. சொல்வரலாற்றில் இது புதிதன்று.

இருபதாம் நூற்றாண்டில் சிமித் அண்டு வெசன் நிறுவனத்தின் காவல்துறைத் துப்பாக்கிகளில் வரிவெட்டிய வால்நட் பிடிகள் பெருவழக்காயின. திருகாணித் துளையைச் சுற்றி மட்டும் செதுக்காத சாய்சதுரம் ஒன்றை விட்டுவைப்பது அவற்றின் அடையாளமாயிற்று. பின்னர் இரண்டாம் உலகப்போர் வந்தது. 1942இல் ‘விக்டரி’ எனப் பெயர்பெற்ற வகை பெருந்தொகையில் தேவைப்பட்டபோது, அந்நிறுவனம் வரிவெட்டினைக் கைவிட்டு வழவழப்பான பிடிகளையே பொருத்தியது. பளபளக்கும் மேற்பூச்சையும் நீக்கியது. இயங்குமுறை மாறவில்லை; விசையை இழுத்தே சுடும் துப்பாக்கிதான் அது. ஆயினும் பிடி மாறிற்று. இங்கு முடிவெடுத்தது கை அன்று, காலமும் செலவுமே.

இவ்வனைத்தையும் தொகுத்து நோக்கின், இரண்டனுள் எது சிறந்தது என்னும் வினாவுக்கு ஒற்றை விடை இல்லை என்பது தெளிவாகும். வியர்வையிலும் மழையிலும் வரிவெட்டு கையை வழுக்கவிடாது. ஆனால் அவசரத்தில் தவறாகப் பற்றினால் அத்தவற்றையும் அதுவே இறுக்கிப் பிடிக்கும். ஆடைக்குள் வைத்தால் துணியை உராய்ந்து தேய்க்கும். வழவழப்பான பிடி உறையிலிருந்து தடையின்றி வரும். பற்றிய பின்னும் கையைத் திருத்திக்கொள்ள விடும். ஆனால் உதைப்பு மிகுந்தால் கையிலிருந்து நழுவும். மிக நுண்ணிய வரிவெட்டு கண்ணுக்கு அழகு. பற்றுக்கோ சற்றுப் பருத்த வெட்டே உதவும். ஒன்றன் நிறை மற்றொன்றன் குறையாக அமைகிறது.

மொழிபெயர்ப்புப் பயிலும் மாணவர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. இத்தகைய பிடியைத் தமிழில் விவரிக்குங்கால் ‘சொரசொரப்பான’ என்னும் ஒரே அடைமொழியால் நிறைவடைதல் எளிது. எனினும் அது கை உணர்வதை மட்டுமே கூறும். உளி செய்ததைக் கூறாது. சருச்சரை என்பது ஊற்றின் பெயர். வரிவெட்டு என்பது தொழிலின் பெயர். அச்சில் வார்த்த இரப்பருக்குச் சருச்சரை உண்டு, வரிவெட்டு இல்லை. இவ்விரண்டையும் வேறுபடுத்தி எழுதும் மாணவர், அப்பிடியைச் செதுக்கியவர் ஒருவர் இருந்தாரா இல்லையா என்பதையும் சேர்த்தே எழுதியவராவார். அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு பழைய துப்பாக்கியைக் காண நேர்ந்தால், குழலை நோக்கும் முன் பிடியை நோக்குக. அதன் கூம்புகள் எங்குத் தேய்ந்துள்ளனவோ, அங்கு ஒரு கை நெடுங்காலம் இருந்திருக்கிறது.