காவலுக்கு அகப்படாத சிறுமி

1969இல் சுவீடன் தொலைக்காட்சியில் ‘பிப்பி லாங்ஸ்டாக்கிங்’ என்ற குழந்தைகள் நகைச்சுவைத் தொடர் ஒளிபரப்பானது. மொத்தம் 13 பகுதிகள். ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் தன் நாவல்களைத் தானே திரைக்கதையாக்க, ஒல்லே ஹெல்போம் இயக்கினார். விறைத்து நிற்கும் செம்பட்டைச் சடைகளும் ஜோடி சேராத காலுறைகளுமாக இங்கர் நில்சன் என்ற சிறுமி பிப்பியாக நடித்தாள். கதையில் பிப்பிக்கு ஒன்பது வயது. அம்மா இல்லை, அப்பா கடலோடி. வில்லா வில்லெகுல்லா என்ற வீட்டில் ஒரு குதிரையோடும் ஒரு குரங்கோடும் தனியாக வாழ்கிறாள். அந்தக் குதிரையை அவளால் அலட்சியமாகத் தூக்கிவிட முடியும்.

அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் சேர்ப்பதற்காகக் காவலர்கள் வரும் பகுதியைப் பற்றியே இங்கே பேச விரும்புகிறேன். கிளிங், கிளாங் என்ற இருவர் சட்டத்தின் பெயரால் வருகிறார்கள். பிப்பி அதை ஓடிப்பிடித்து விளையாடும் ஆட்டமாக எடுத்துக்கொண்டு கூரைமேல் ஏறிவிடுகிறாள். ஏணி வைத்து ஏறித் துரத்துகிறவர்கள் கடைசியில் இறங்க வழியில்லாமல் தவிக்கிறார்கள். நாவலில் அவர்களை இடுப்பு வாரோடு தூக்கிக்கொண்டுபோய்த் தெருவில் விடும் பிப்பி, வழியனுப்பும்போது தின்பண்டமும் கொடுக்கிறாள். தொலைக்காட்சிக்காகச் சேர்க்கப்பட்ட பாத்திரம் திருமதி பிரிசெலியஸ். ஊரில் நல்ல பெயர் உள்ள அந்த அம்மாள்தான், பிப்பி காப்பகத்துக்குப் போயே ஆகவேண்டும் என்று விடாமல் நிற்பவள்.

தமிழில் ‘காவல்’ என்ற சொல் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. காவல் தெய்வம் என்றால் காப்பது, காவலில் வைப்பது என்றால் அடைப்பது. பெண்ணுக்கும் குழந்தைக்கும் இந்த இரண்டு பொருளும் பெரும்பாலும் ஒரே கையிலிருந்துதான் வருகின்றன. சுவீடனில் நடந்ததும் அதுவே. திருமணத்துக்கு வெளியே பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் அரசு ஒரு கண்காணிப்பாளரை நியமிக்க வேண்டும் என்று 1917இல் சட்டம் வந்தது. 1924இல் ஊருக்கு ஊர் குழந்தைகள் நலக் குழுக்கள் அமைந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு இவை ஆதரவாக இருந்தன என்பதை மறுக்க முடியாது. எந்த வீடு ஒழுங்கான வீடு, எந்தத் தாய் ஒழுக்கமான தாய் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் அவற்றோடு சேர்ந்தே வந்தது.

லிண்ட்கிரன் இந்த உலகத்தைத் தாயின் பக்கத்திலிருந்து அறிந்தவர். விம்மர்பி என்ற சிற்றூரின் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்த ஆஸ்ட்ரிட், 18 வயதில் கர்ப்பமானார். காரணமானவர் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர். வயதில் மிகவும் மூத்தவர், மணமானவர். அவரை மணந்துகொள்ள ஆஸ்ட்ரிட் சம்மதிக்கவில்லை. ஊர் வாய்க்கு அஞ்சி ஸ்டாக்ஹோம் போனார். சுவீடனின் முன்னோடிப் பெண் வழக்கறிஞரான ஈவா அன்டேன் அவருக்கு வழிகாட்டினார். தந்தையின் பெயரை அதிகாரிகளுக்குத் தெரிவிக்காமல் பிள்ளை பெறக்கூடிய மருத்துவமனை டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்தது. 1926 டிசம்பரில் அங்கே லார்ஸ் பிறந்தான். குழந்தையை ஒரு வளர்ப்புத் தாயிடம் விட்டுவிட்டு ஸ்டாக்ஹோம் திரும்பிய ஆஸ்ட்ரிட், சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்று அலுவலக வேலைக்குப் போனார். கையில் காசு சேர்ந்தபோதெல்லாம் ரயிலேறி மகனைப் பார்த்துவந்தார். வளர்ப்புத் தாய் நோயுற்றதால் 1930இல் லார்ஸ் அம்மாவிடம் வந்தான். சில மாதங்களில் அவனைத் தன் பெற்றோர் வீட்டில் விட வேண்டியதாயிற்று. 1931இல் ஸ்டூரே லிண்ட்கிரனை மணந்த பிறகே மகனோடு ஒரே வீட்டில் வாழ முடிந்தது. ஒரு பெண் தன் பிள்ளையைத் தன்னிடம் வைத்துக்கொள்வதற்கும் ஒரு கணவன் தேவைப்பட்டான்.

1941இல் நோயுற்றுப் படுத்திருந்த மகள் காரினுக்குச் சொன்ன கதைதான் பிப்பி. முதலில் அணுகிய பெரிய பதிப்பகம் மறுத்துவிட, 1945இல் வேறொரு பதிப்பகம் நூலை வெளியிட்டது. லார்ஸின் கதையே பிப்பியின் கதை என்று நான் சொல்லவரவில்லை. பிப்பியிடம் என்னென்ன இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள். சொந்த வீடு இருக்கிறது. பெட்டி நிறையப் பொற்காசு இருக்கிறது. யாரும் இழுத்துப்போக முடியாத உடல்வலு இருக்கிறது. 1926இல் ஆஸ்ட்ரிட்டிடம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. பிப்பியைப் பலரும் குறும்புக்காரி என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அவள் குறும்பைவிட அவளுடைய சொத்துப் பட்டியல்தான் கண்ணில் படுகிறது. அது இல்லாவிட்டால் கூரையிலிருந்து இறங்கியதும் அவள் நேராகக் காப்பகத்துக்குத்தான் போயிருப்பாள்.

அப்படிப் போன குழந்தைகளின் கதை வெளிவரப் பல ஆண்டுகளாயின. 1920 முதல் 1980 வரை சுவீடனின் காப்பகங்களிலும் வளர்ப்பு வீடுகளிலும் நடந்த கொடுமைகளை விசாரிக்க அரசே ஓர் ஆணையம் அமைத்தது. அங்கே வளர்ந்த 800க்கும் மேற்பட்டோர் அடியையும் அவமானத்தையும் பாலியல் வன்முறையையும் பற்றிச் சாட்சியம் சொன்னார்கள். 2011 நவம்பரில் ஸ்டாக்ஹோம் நகர மண்டபத்தில் நாட்டின் சார்பில் அவர்களிடம் மன்னிப்புக் கேட்கப்பட்டது. 1969இல் நாடே சிரித்துப் பார்த்த அந்தத் துரத்தல், இந்த அறுபது ஆண்டுகளுக்கு உள்ளேதான் அடங்குகிறது.

இன்னொன்றையும் பேசாமல் விட முடியாது. அந்தப் பொற்காசு அப்பா தந்தது. அப்பா தென்கடல் தீவொன்றில் கறுப்பின மக்களுக்கு அரசராகிவிட்டவர். அந்த மக்களைக் குறிக்க நாவலும் தொடரும் பயன்படுத்தியது ஓர் இழிசொல். 2014இல் சுவீடன் தொலைக்காட்சி அந்தச் சொல்லை நீக்கியது. பிப்பி தன் கண்களை இழுத்து ஆசியர்களைப்போலக் காட்டும் காட்சியையும் வெட்டியது. பாலியப் பொக்கிஷத்தில் கைவைப்பதா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. நீக்கியது சரி என்பதே என் எண்ணம். ஆனால் சொல்லை நீக்கினாலும் கேள்வி நீங்கவில்லை. ஒரு வெள்ளைச் சிறுமியின் சுதந்திரத்துக்கான செலவு வேறு யாரோ ஆளப்படும் தீவின் நிழலில் இருக்கிறது. பெண் விடுதலைக்குச் சொத்து வேண்டும் என்று சொல்கிற நாம், அந்தச் சொத்து எங்கிருந்து வருகிறது என்றும் கேட்டாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தப் பகுதியை நான் ரசிக்கிறேன். தமிழ்க் கதைகளில் அடங்காத பெண் கடைசியில் பெரும்பாலும் திருந்துவாள், அல்லது தண்டிக்கப்படுவாள். பிப்பிக்கு இரண்டும் நேரவில்லை. அவளை யாரும் காப்பாற்ற வரவுமில்லை. ஏணியை எடுத்துவிட்டு அவள் தரையில் நிற்கிறாள். சட்டம் கூரைமேல் நின்று, இறங்க வழி கேட்கிறது.