தறியும் இராட்டையும்

நம் குலச் சரித்திரம் வரைவோர் தறியைப் புகழ்ந்து இராட்டையை மறந்தனர். அக்குற்றம் நமக்கும் உண்டு. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்ராவிலே காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீட்டைக் கண்டபோது இவ்வெண்ணமே எழுந்தது.

அதற்கணித்தான கோவளத்தில் 18-ஆம் நூற்றாண்டில் ஆஸ்டெண்டுக் கம்பெனியாரும், தெற்கே சதுரங்கப்பட்டினத்தில் அதற்கு முன்னரே ஒல்லாந்தரும் பண்டகசாலை வைத்தது பருத்தித் துணிக்காகவன்றோ? அத்துணிக்கு நூல் தந்தோர் பெண்டிர். நம் இல்லத்தாரேயல்லர், பிற குலத்தாரும். ஒரு தறிக்குப் பலர் நூற்றாலன்றிப் பாவும் ஊடும் நிரம்பா.

கோடையில் பாவு தோய்தலும் வற்றல் உலர்த்தலும் நெருக்கும். வறண்ட வெயிலில் மெல்லிழை அறும். ஆதலின் ஈரமுள்ள விடியற்காலமே நூற்பதற்கேற்றது. அவ்வொரு நாழிகையே அவர்க்கு இளைப்பாறல், கூலியும் அதுவே.

19-ஆம் நூற்றாண்டிலே சீமை ஆலைநூல் மலிந்தது. ஆடவர் அதனை வாங்கி நெய்தனர். பெண்டிர் இராட்டையைப் பரணிலேற்றினர்.