செல்போர்ன் ஊர்ப் பெரிய மனுஷங்க

மண்புழு உழவனோட நண்பன்னு பள்ளிக்கூடத்துல எல்லாரும் படிச்சிருப்போம். டார்வின் அதைப் பத்தித் தனிப் புத்தகமே போட்டது 1881-ல. அதுக்கு நூறு வருஷம் முன்னாடியே, 1777-ல, ஒரு கிராமத்துப் பாதிரியார் நண்பருக்கு எழுதின கடிதத்துல விஷயத்தைச் சொல்லிட்டார். புழு மண்ணைத் துளைச்சு இளக்குது, இலையையும் வைக்கோலையும் உள்ள இழுக்குது, அது இல்லைன்னா நிலம் இறுகிப்போகும்னு. அப்போ அங்க இருந்த விவசாயிங்களுக்கோ புழுவைக் கண்டாலே ஆகாது!

அவர் பேர் கில்பர்ட் ஒயிட். ஊர், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் பகுதியில இருக்குற செல்போர்ன். 1720-ல அங்கேயே பிறந்து 1793-ல அங்கேயே செத்தவர். பார்க்க ஒரே மாதிரி இருக்குற மூணு சின்னக் குருவிகளை, கத்துற சத்தத்தை வெச்சே வேற வேற இனம்னு பிரிச்சவர். திமோத்தின்னு ஒரு ஆமை வளர்த்தார். ஆம்பளைப் பேரு வெச்சிருந்தாலும் அது பெண் ஆமைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது.

எனக்குப் பிடிச்சது அவர் போட்ட விளக்குக் கணக்கு. ஏழைங்க கோரைத் தண்டை உரிச்சுக் கொழுப்புல தோய்ச்சு எரிப்பாங்க. ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னிக்கு, அஞ்சரை மணி நேர வெளிச்சம்னு உக்காந்து கணக்குப் போட்டிருக்கார்.

அவரோட வீட்டை 1844-ல வாங்கினவர் தாமஸ் பெல். பெரிய விலங்கியல் அறிஞர். டார்வின், வாலஸ் ரெண்டு பேரோட பரிணாமக் கட்டுரைகளும் வாசிக்கப்பட்ட சங்கத்துக்கு அப்போ இவர்தான் தலைவர். அந்த வருஷம் பெருசா எந்தக் கண்டுபிடிப்பும் நடக்கலைன்னு பேசினவரும் இவரேதான்.

ஊர்ப் பெருமைன்னா இந்த ரெண்டு பேரோட நிறுத்திடுவாங்க. எனக்கு அதுல சம்மதம் இல்லை. 1830 நவம்பர்ல, கூலி பத்தாம தெற்கு இங்கிலாந்து முழுக்கக் கூலியாட்கள் கிளம்பினப்போ, செல்போர்ன் ஆட்களும் பாதிரியார் வீட்டைச் சூழ்ந்தாங்க. விளைச்சல்ல பத்துல ஒரு பங்கு சர்ச்சுக்குப் போகுது. அதைக் குறைச்சாத்தான் பண்ணைக்காரர் கூலியை ஏத்த முடியும்ங்குறது அவங்க நியாயம். குறைச்சுக்குறேன்னு எழுதி வாங்கிட்டாங்க. ஏழைகளை அடைச்சு வேலை வாங்கின விடுதியையும் உடைச்சாங்க. அரசாங்கம் சும்மா விடுமா? வின்செஸ்டர்ல விசாரணை நடந்தது. சிலரைக் கப்பலேத்தி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிட்டாங்க. கொம்பு ஊதிக் கூட்டம் சேர்த்த ஜான் நியூலாண்ட் மட்டும் அந்த ஊர் மண்ணுலயே புதைஞ்சிருக்கார்.

ஒயிட்டும் அதே சர்ச் தோட்டத்துலதான். கல்லுல ரெண்டு எழுத்தும் தேதியும் மட்டும். அவர் சுத்தளவு 23 அடின்னு அளந்து வெச்ச யூ மரம் 1990 ஜனவரிப் புயல்ல சாய்ஞ்சது. வேருக்கு அடியில தோண்டினப்போ பழைய காலத்து மனுஷ எலும்புகள் கிடைச்சுது. யாரோடதுன்னு பேர் இல்லை.