கே. வெங்கடராமன்: மாட்டுங்காவின் சாய வேதியியலாளர்

கிருஷ்ணசாமி வெங்கடராமன் (1901–1981) சென்னையில் பிறந்த கரிம வேதியியலாளர். சாயங்களின் வேதியியலில் உலகப் புகழ் பெற்றவர். பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறைக்கும் (யு.டி.சி.டி.) புணே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கும் முதல் இந்திய இயக்குநர் அவர்தான். துறையில் எல்லோருக்கும் அவர் 'கே.வி.'

சென்னையில் பட்டம் பெற்றபின் மான்செஸ்டரில் சாய வேதியியல் பயின்றார். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தார். நாடு திரும்பி, லாகூர் ஃபோர்மன் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். தாவரங்களின் மஞ்சள் நிறமிகளான ஃபிளேவோன்களைத் தயாரிக்க உதவும் வினை ஒன்றை அங்கே கண்டறிந்தார். இங்கிலாந்தில் வில்சன் பேக்கரும் அதைத் தனியே கண்டிருந்தார். பாடநூல்களில் அது 'பேக்கர்–வெங்கடராமன் மறுசீராக்கல்'.

பம்பாய்த் துறை 1933 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. ஊரெங்கும் பருத்தி ஆலைகள். சாயமோ பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது. ஆலைகளின் தேவையை ஒட்டியே துணி வேதியியலும் வேதிப் பொறியியலும் முதல் பாடங்களாயின. 1934இல் ரீடராகச் சேர்ந்த வெங்கடராமன் 1938இல் இயக்குநரானார். 1943இல் துறை பம்பாயின் மாட்டுங்கா பகுதிக்குக் குடிபெயர்ந்தது.

துவைத்தால் சாயம் போகிறது, வெயிலில் வெளுக்கிறது என்பவை ஆலைக்காரர்களின் கவலைகள். கே.வி.க்கு இவை மூலக்கூறின் அமைப்பைப் பற்றிய கேள்விகள். அவுரி நீலத்தையே பார்க்கலாம். அது தண்ணீரில் கரையாது. காரமும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டும் சேர்த்தால் நீலம் மறைந்து, மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைகிறது. அதில் தோய்த்த துணி தொட்டியிலிருந்து பச்சையாகத்தான் வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். சாயம் மறுபடி கரையாத நிலைக்குத் திரும்பி இழைக்குள்ளேயே சிக்கிக்கொள்வதால் சலவைக்கு அசைவதில்லை. எந்த அமைப்புள்ள சாயம் இழையை விடாது, எது விட்டுவிடும் என்ற ஆய்வு மாணவருக்குப் பட்டமும் ஆனது, ஆலைக்கு உதவியும் ஆனது.

இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் சாயத்தின் வரவை அடைத்தது. உள்நாட்டிலேயே சாயம் செய்ய குஜராத்தில் கஸ்தூர்பாய் லால்பாய் நிறுவிய அதுல் ஆலையை 1952இல் நேரு திறந்துவைத்தார்.

அதே ஆண்டு, செயற்கைச் சாயங்களின் வேதியியலைப் பற்றிய கே.வி.யின் ஆங்கில நூல் இரண்டு தொகுதிகளாக நியூயார்க்கில் வெளிவந்தது. போருக்குப்பின் நேச நாடுகள் வெளியிட்ட ஜெர்மன் ஆலைகளின் செய்முறை அறிக்கைகளும் ஆய்விதழ்களின் முடிவுகளும் அதில் ஒன்றுசேர்ந்தன. 1978க்குள் அது எட்டுத் தொகுதிகளாக வளர்ந்தது.

1957இல் புணே ஆய்வகத்தின் பொறுப்பேற்ற அவர், அரக்குப் பூச்சியின் சிவப்பையும் பலாமரத்தின் வைரத்திலுள்ள மஞ்சளையும் ஆராய்ந்தார். 1961இல் பத்மபூஷண் பெற்றார். 1966இல் பி.டி. திலக் அவருக்கு அடுத்த இயக்குநரானார். புணேயில் கே.வி.யிடம் ஆய்வு செய்த ஏ.வி. ராமாராவ் 1995இல் ஹைதராபாத்தில் அவ்ரா ஆய்வகத்தை நிறுவினார்.

மாட்டுங்காவில் படித்த எம்.எம். சர்மா 1964இல் அங்கேயே பேராசிரியரானார். 1990இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். அதே வளாகத்தில் மருந்தியல் படித்த அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 2008இல் அத்துறை, வேதித் தொழில்நுட்ப நிறுவனம் என்ற பெயரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.