கொடுவா மீன்: பால்மாற்றமும் குடல் நுண்ணுயிரிகளும்

தரங்கம்பாடி, பூம்புகார் பக்கத்துக் கழிமுகங்களில் நல்ல விலை போகும் மீன் கொடுவா (லேட்டஸ் கால்காரிஃபர்). 1790இல் இதற்கு அறிவியல் பெயரிட்டவர் ஜெர்மன் மீனியலாளர் பிளாக். தரங்கம்பாடி மறைப்பணியாளர் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் இக்கரை மீன்களை அவருக்கு அனுப்பிவந்தார். 

கொடுவா பெரும்பாலும் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளில் பெண்ணாக மாறும். அதனால் குடல் நுண்ணுயிரிகள் பாலுக்கேற்ப வேறுபடுகின்றனவா என்று இம்மீனில் ஆராய்வது கடினம். பெண் மீனுக்கு வயதும் எடையும் கூடுதல், இரையும் மாறியிருக்கும். தெரிகிற வேறுபாட்டை உடனே பாலின் கணக்கில் எழுதிவிட முடியாது. ஒரே மீனை மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பார்ப்பது ஓரளவு உதவும்; அப்போதும் அதன் வயது கூடியிருக்கும். ஆனாலும் குடல் நுண்ணுயிரிகளில் பாலுக்குப் பங்கு இருக்கலாம் என்பதற்குச் சான்று உண்டு: ஸ்டிக்கில்பேக், பெர்ச் ஆகிய மேலைநாட்டு மீன்களில், ஒரே உணவு ஆண், பெண் குடல் நுண்ணுயிரிகளை வெவ்வேறாக மாற்றுவதை 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

வளர்ப்புக் குளத்துக் கொடுவா பெண்ணாகுமுன்பே சந்தைக்குப் போய்விடுகிறது. அங்கு எடுக்கும் மாதிரிகள் பெரும்பாலும் ஆண் மீன்களையோ முதிராத மீன்களையோ பற்றியவை. ஒப்பிட வேண்டிய பெண் மீன்கள் தாய்மீன் தொட்டிகளில்தான் உள்ளன. அத்தகைய தாய்மீன்களைப் பேணி, சென்னையின் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் இந்தியாவில் முதன்முறையாகக் கொடுவாவைச் சிறைநிலையில் முட்டையிடச் செய்தது.