கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம்

கிராண்ட் நேஷனல், இங்கிலாந்தின் லிவர்பூலை அடுத்த ஐன்ட்ரீயில் ஆண்டுதோறும் நடைபெறும் தடைதாண்டும் குதிரைப் பந்தயம். ஓட்டம் நான்கே கால் மைலுக்குச் சற்று அதிகம். தாண்ட வேண்டிய தடைகள் 30. வாட்டர்லூ ஓட்டல் உரிமையாளர் வில்லியம் லின், செஃப்டன் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் 1829 முதல் தடைகளற்ற பந்தயங்களை நடத்தினார். 1836இல் தடைப் பந்தயத்தையும் சேர்த்தார். அதில் 'தி டியூக்' என்ற குதிரையில் வென்றவர் கேப்டன் மார்ட்டின் பெக்கர். ஆனால் வெற்றியாளர் பட்டியல் 1839இல்தான் தொடங்குகிறது. விடுபட்ட மூன்று பந்தயங்களும் அருகிலுள்ள மகல் என்னும் ஊரில் நடந்தவை என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட காரணம். அக்கால நாளிதழ்களைப் புரட்டிப் பார்த்த ஆய்வாளர்கள், 1836ஆம் ஆண்டுப் பந்தயம் ஐன்ட்ரீயிலேயே நடந்தது என்று காட்டிய பிறகு அந்தக் காரணம் ஆட்டங்கண்டது.

காரணம் தவறு என்பதால் 1839ஐத் தொடக்கமாகக் கொள்ளும் முடிவும் தவறாகிவிடாது. முந்தைய பந்தயங்கள் சிறிய அளவிலான வட்டாரப் போட்டிகள். 1838க்குள் லண்டனிலிருந்து லிவர்பூலுக்கு ரயிலிலேயே வந்துசேர வழி பிறந்தது. கூட்டமும் குதிரைகளும் தொலைவிலிருந்து வரத் தொடங்கின. லின் விலகிக்கொள்ள, பிரபுக்கள் அடங்கிய குழு பொறுப்பேற்றது. 1839 பிப்ரவரி 26 அன்று 17 குதிரைகள் ஓடின. ஜெம் மேசன் ஓட்டிய 'லாட்டரி' வென்றது. கான்ராட் என்ற குதிரையிலிருந்து ஓடையில் விழுந்த பெக்கர், பின்னால் வந்த குதிரைகள் தலைக்கு மேலே தாண்டிப் போகும்வரை தண்ணீரில் பதுங்கிக் கிடந்தாராம். வென்றவரைவிட விழுந்தவர் பெயரே நிலைத்தது: அந்தத் தடை இன்றும் பெக்கர் ஓடைதான். குதிரைக்கேற்பச் சுமையை ஏற்றிக் குறைக்கும் முறை 1843இலும் இன்றைய பெயர் 1847இலும்தானே வந்தன, பிறகு 1839 எப்படி என்று கேட்கலாம். அவை விதியிலும் பெயரிலும் நேர்ந்த மாற்றங்கள்; பந்தயம் அதேதான். 1836ஐத் தொடக்கமாகக் கொள்ள ஓடிய இடமே போதும் என்பதும் எடுபடாது. இடத்தை விட்டகன்று 1916 முதல் 1918 வரை காட்விக்கில் நடந்த போர்க்காலப் பந்தயங்கள் பட்டியலில் சேராதது இடம் அவசியம் என்பதற்குச் சான்றாகலாமே தவிர, இடம் மட்டுமே போதும் என்பதற்கு ஆகாது. எனவே 1839 என்பதே ஏற்கத்தக்கது.

பிற்காலத்தில் 'ரெட் ரம்' 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 2021இல் ரேச்சல் பிளாக்மோர் இதில் வென்ற முதல் பெண் குதிரையோட்டியானார். பாதுகாப்பு கருதி 2024 முதல், ஓடும் குதிரைகளின் உச்ச எண்ணிக்கை 40இலிருந்து 34ஆகக் குறைக்கப்பட்டுள்ளது.