தூரமானிக் கமராவும் வாவிக்கரை வரலாறும்

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம் என்பவற்றைச் சான்றாகக் கொள்வது மரபு. 20ஆம் நூற்றாண்டின் வரலாற்றை எழுதுவோர்க்கு நிழற்படமும் இவ்வரிசையிற் சேர்கின்றது. ஏட்டை ஆராய்பவர் எழுத்தாணியையும் ஓலையையும் அறிந்திருத்தல் போல, நிழற்படத்தை ஆராய்பவர் அதனை ஆக்கிய கருவியை அறிந்திருத்தல் வேண்டும். அக்கருவி எதனைக் காண வல்லது, எதனைக் காண மாட்டாதது என்பது தெளிவாகாதவிடத்துச் சான்றின் பெறுமதியும் தெளிவாகாது. இந்நோக்குடனேயே, ரேஞ்ச்பைண்டர் என வழங்கும் தூரமானிக் கமராவின் வரலாறு ஈண்டு ஆராயப்படுகின்றது.

தொடக்ககாலக் கமரா கனமான பெட்டி. முக்காலியும் கண்ணாடித் தட்டும் அதற்கு இன்றியமையாதன. ஆதலின் மனிதர் கமராவிடம் சென்றனரேயன்றிக் கமரா மனிதரிடம் செல்வது அரிதாயிற்று. புத்தாடை உடுத்து, திரைச்சீலையின் முன் அசையாது அமர்ந்தோரின் உருவங்களே பெரும்பாலும் எஞ்சின. வலை இழுப்பவனும் சந்தைக்குச் செல்பவளும் தத்தம் தொழிலிடையே பதிவாகும் வாய்ப்பு மிகக் குறைவு.

இந்நிலையை மாற்றியவர்களுள் முதன்மையானவர், ஜேர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஒஸ்கார் பார்னாக். திரைப்படத்துக்கான 35 மில்லிமீற்றர் படச்சுருளைப் பயன்படுத்தி, 24 மில்லிமீற்றர் உயரமும் 36 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட படம் எடுக்கும் சிறு கருவியை அவர் உருவாக்கினார். 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா என்ற பெயருடன் அது வெளிவந்தது. கல்லடி வாவியின் குறுக்கே மனிங் சீமாட்டியின் பெயர் தாங்கிய இரும்புப் பாலம் திறக்கப்பட்டது 1924இல் என்பதை நோக்கின், பாலமும் இக்கருவியும் ஏறத்தாழ ஒத்த வயதின எனலாம். தூரமானி உள்ளிணைந்த இரண்டாம் லைக்காவும், அதன் போட்டியாளரான கொன்டாக்ஸும் 1932இல் தோன்றின.

தூரமானியின் தத்துவம் எளிது. நம் இரு கண்களும் ஒரு பொருளைச் சற்றே வேறுபட்ட கோணங்களிற் காண்பது போல, கமராவின் முகப்பிலுள்ள இரு சாளரங்களும் காண்கின்றன. கண்ணை வைத்து நோக்குவோர்க்கு நடுவில் ஒரே பொருள் இரண்டாகத் தோன்றும். வில்லையின் வளையத்தைத் திருப்ப, உள்ளேயுள்ள ஆடியோ அரியமோ அசைந்து இரு பிம்பங்களையும் நெருக்கும். இரண்டும் ஒன்றாகும் இடமே சரியான குவிவு. ஒளி வில்லையினூடாகக் கண்ணுக்கு வராமையால், மேலெழும் ஆடியும் அதன் ஓசையும் இக்கருவிக்கு இல்லை. படம் எடுக்கப்படும் கணத்திலும் காட்சி மறைவதில்லை.

இச்சிறுமையும் அமைதியும் எத்தகைய பயனைத் தந்தன? இலங்கையில் லயனல் வென்ட் (1900–1944) லைக்காவையும் ரோலிஃபிளெக்ஸையும் கையாண்டு, ஊர்ப்புற மாந்தரையும் அவர்தம் வாழ்வையும் கலைப்பொருளாக்கினார். தமிழகத்திலே, 1950 ஏப்ரல் 14இல் ரமண மகரிஷி மறைந்தபோது, ஹென்றி கார்ட்டியே-பிரெசோன் தம் லைக்காவுடன் திருவண்ணாமலையில் இருந்தார். துயருற்றிருந்த அடியார் கூட்டத்திடையே பெரும் பெட்டியையும் முக்காலியையும் நாட்டுதல் எத்துணை இடையூறாய் இருந்திருக்கும் என்பதை எண்ணின், இக்கருவியின் வரலாற்றுப் பங்கு விளங்கும்.

லைக்கா விலையுயர்ந்தது. அதனைப் பின்பற்றிச் சோவியத் நாட்டின் கார்கிவ் நகரில் 1934 முதல் ஃபெட் கமராவும், 1948 முதல் மொஸ்கோவை அடுத்து சோர்க்கியும் பெருந்தொகையாகச் செய்யப்பட்டன. இன்று பழைய கருவி வாங்க முனைவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம். ஏனெனில் ஃபெட், சோர்க்கி என்பவற்றின் மேற்புறத்தைச் சுரண்டி லைக்கா எனப் பொறித்து விற்பது நெடுங்கால வழக்கம். வில்லையைக் கழற்றி உள்ளே பார்த்தால் உண்மை புலனாகும். மெய்யான திருகு லைக்காவில் வில்லையின் அசைவை உணரும் உறுப்பின் நுனியிற் சிறு உருளை உண்டு. சோவியத் கருவிகளிலோ ஆப்பு வடிவான நாக்கு காணப்படும்.

வேறு சோதனைகளும் உள. வாவியின் இக்கரையில் நின்று தொலைவான மறுகரைத் தென்னையை நோக்கி, வில்லையை முடிவிலிக் குறிக்குத் திருப்புக. இரு பிம்பங்களும் பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் பொருந்தாவிடின் தூரமானி பிசகியுள்ளது. வில்லையை ஒளிக்கெதிரே பிடித்து, பூஞ்சண நூல்கள் உளவா என நோக்குக. உப்புக்காற்றும் ஈரமும் நிறைந்த நம் கரையில் இது முதன்மையான சோதனை. ஷட்டரின் துணித்திரையில் ஊசித்துளைகள் உளவா எனவும் காண்க. மூடியின்றிக் கடற்கரை வெயிலில் வைக்கப்பட்ட கமராவின் வில்லை, உருப்பெருக்கும் கண்ணாடி போற் சூரிய ஒளியைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும். ஆனால் மூடியை இட்டபின் அகற்ற மறந்தால், சாளரத்திற் காட்சி தெளிவாகவே தோன்ற, படச்சுருளில் யாதும் பதியாது. இரண்டுக்கும் இடையே விழிப்பாய் இருத்தலே இக்கருவியைப் பயில்வோரின் முதற்பாடம்.

எனினும், வரலாற்று மாணவர் கருவியை விடப் பெரிதாகக் கருத வேண்டியது படச்சுருளின் எதிர்ப்படி. வென்ட் மறைந்தபின் அவருடைய எதிர்ப்படிகள் பல அழிக்கப்பட்டன. 1950இல் வெளிவந்த நூலும், எஞ்சிய படங்களுமே இன்று அவர் ஆக்கத்தின் சான்றுகள். புகழ்பெற்ற கலைஞருக்கே இக்கதியாயின், ஊர்ச் சாமானியரின் வீட்டுப் பெட்டிகளுக்கு யாது நேரும்? 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி கூரைகளைப் பிடுங்கியது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியின் கரையோரக் குடிமனைகளுட் புகுந்தது. உயிரிழப்பின் முன் படங்களின் இழப்பு சிறிதே. ஆயினும் இறந்தோரின் முகத்தை மறுபடியும் காணும் வழியையும் அவ்வெள்ளம் கொண்டு சென்றது என்பது உண்மை.

எனவே எஞ்சியிருப்பவற்றைக் காப்பது நம் தலைமுறையின் கடன். எதிர்ப்படிகளை ஈரம் புகாத பெட்டியில் வைத்தல், படத்தின் புறத்தே மென்பென்சிலால் ஆள், இடம், ஆண்டு என்பவற்றைக் குறித்தல், ஒரு பிரதியை வேறோரூரில் வைத்தல் ஆகிய மூன்றும் எவராலும் இயலும். முதியோர் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டெழுதுதல் இவற்றுள் மிக அவசரமானது. பெயரறியாத முகம் பாதிச் சான்றே. தமிழிற் கலைச்சொல்லாக்கத்திற்கு உழைத்த விபுலானந்த அடிகள் துயிலும் கல்லடி உப்போடையில், வில்லை, அரியம் என்னும் சொற்கள் நூலளவில் நில்லாது, நம் மக்களின் முகங்களைக் காக்கும் தொழிலிலும் பயில வேண்டும்.